கோட்டின் மறுமுனை

மாண்புமிகு அமைச்சர் கோ. வீரபெருமாள் தமது நெடிய பொதுவாழ்வில் எந்தக் கூட்டத்தையும் முடியும்வரை இருந்து பார்த்தவர் அல்லர். மாலையும் பொன்னாடையும் ஏற்பார். குத்துவிளக்கின் ஒரு திரியைக் கொளுத்துவார். தம் உரையை ஆற்றுவார். பின்னர் ஒருவன் வந்து காதோடு ஏதோ கூறுவான். உடனே இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பியவாறு எழுந்துவிடுவார். "ஐயா அவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது" என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். அவர் எழுந்தால் அவரைச் சூழ்ந்திருப்போர் எழுவர். அவர்கள் எழுந்தால் அரங்கிற் பாதி எழும். எஞ்சிய காலி நாற்காலிகளுக்கு எதிரே எவரோ ஒரு பேராசிரியர் தம் ஆய்வின் முடிவைப் படித்துக்கொண்டிருப்பார். அடுத்த நிகழ்ச்சி என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்று எவரும் வினவியதில்லை. கூட்டத்தின் நடுவே எழுந்து போகாதவனைப் பெரிய மனிதன் என்று நம் நாட்டில் யார் மதிக்கிறார்கள்?

காதோடு கூறும் அப்பணிக்கென்றே அமர்த்தப்பெற்றவன் செங்குட்டுவன். அமைச்சரின் நேர்முக உதவியாளன்; முனைவர் அங்கயற்கண்ணியின் உடன்பிறந்த தம்பி. தம்பி இன்ன பணியில் இருக்கிறான் என்று யாரேனும் கேட்டால், "காது கடிக்கிற உத்தியோகம்" என்று கூறுவது அங்கயற்கண்ணியின் வழக்கம்.

அவர் பச்சைமலைக்கு அடியில், கருங்கல்லைக் குடைந்து அமைக்கப்பெற்ற ஈர்ப்பலை நிலையத்தில், திசைப் பிரிவின் தலைவர். விண்ணில் எங்கோ இரண்டு பெரும்பொருள்கள் ஒன்றையொன்று சுற்றினால் அண்டவெளியே அதிர்கிறது. அவ்வதிர்வு அலையாகப் பரவி இந்நிலவுலகையும் ஊடுருவிப் போகிறது. அலை வந்தது என்று அறிவது ஒரு வேலை. அது எங்கிருந்து வந்தது என்று அறிவது வேறொரு வேலை. முதலாவதற்குப் பரிசுகள் கிடைக்கும். இரண்டாவதற்குத் தலைவலி கிடைக்கும். அங்கயற்கண்ணிக்கு வாய்த்தது இரண்டாவது.

அத்தலைவலியைத் தீர்க்கவல்ல மருந்து ஒன்று இருந்தது. அந்தமானில் ஒரு துணைக்கருவி அமைத்துவிட்டால், இரண்டிடங்களுள் எது முதலில் கேட்டது என்பதைக்கொண்டே அலை எப்பக்கமிருந்து வந்ததென்று கூறிவிடலாம். அதற்கு அடிக்கல் நாட்டியவர் வீரபெருமாள். ஆறடி உயரப் பளிங்குக் கல்லில் அவர் பெயர் முக்காற் பங்கும் பிறவெல்லாம் காற் பங்குமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. விழா முடிந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. கல் இன்றும் உறுதியாக நிற்கிறது. அதன்மேல் நண்டுகள் ஏறி இறங்குகின்றன. கருவி வரவில்லை.

ஆகவே, அவ்வாண்டு ஆடி மாதம் அந்த முனகல் கேட்டபொழுது, அதனைக் கேட்க ஒரே ஒரு காதுதான் இருந்தது. வெளிநாட்டுப் பெருங்கருவிகள் அத்துணைத் தாழ்ந்த சுருதியைக் கேட்கமாட்டா. பச்சைமலையின் பாறை அமைதியில் மட்டுமே அது கேட்டது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் நெருங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. அஞ்சத்தக்கது யாதெனின், அவை நமக்கு மிக அருகில் இருந்தன என்பதாம்.

*

நிலையத்தின் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார் இயக்குநர் சக்கரபாணி. அமைச்சர் வந்தார். அவருடன் அதிகாரிகள் நால்வரும், அறிவியலுக்கும் தமக்கும் யாதொரு தொடர்பும் இல்லாத ஒப்பந்தக்காரர்கள் பதினைவரும் வந்தனர். விண்மீன்கள் மோதப்போகின்றன என்ற கூட்டத்திலும் பொன்னாடை போர்த்துவதற்குக் கால்மணி நேரம் சென்றது. அஞ்சலை என்னும் உணவகப் பணிப்பெண் தேநீர்த் தட்டுடன் கதவருகே நின்றாள்.

அங்கயற்கண்ணி எழுந்தார். அவர் எதையும் வரிசையாகக் கூறும் இயல்பினர்: முதலில் நிகழ்வது யாது, அடுத்து அறிந்தது எவ்வளவு, பின்னர் அறியாதது எவ்வளவு, ஈற்றில் செய்யத்தக்கது யாது. அவ்வரிசையை அவர் வாழ்நாளில் மாற்றியதில்லை.

"இந்த ரெண்டு நட்சத்திரமும் அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி வாக்கில ஒண்ணோட ஒண்ணு மோதும். மோதும்போது ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி ஒரு வெளிச்சம் கிளம்பும். அதுல ஒரு ஊசி நம்ம பூமியைப் பார்த்து இருக்கு" என்றார்.

"டாக்டரம்மா, சுருக்கமா வாங்க" என்றார் அமைச்சர். "விழுமா, விழாதா?"

"விழும் ஐயா. மூணு வினாடி. ஆனா பூமி உருண்டையா இருக்கறதால ஒரு பாதியிலதான் விழும். மறுபாதிக்குப் பூமியே மறைப்பு."

"எந்தப் பாதி?"

அவர் மேசைமீதிருந்த உலக உருண்டையை எடுத்தார். "ஒரே கருவியை வெச்சு ஒரு கோடுதான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கோடு பூமியைத் துளைச்சிக்கிட்டு இப்படிப் போகுது. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அதோட ஒரு முனை நம்ம தலைக்கு நேர் மேல இருக்கும்."

ஒப்பந்தக்காரர் ஒருவர் தம்மையறியாமல் மேற்கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பக்கம் என்ன ஊரு?" என்று வினவினார் வீரபெருமாள்.

"கடல்தான் ஐயா. பக்கத்துல பெரு நாடு. லிமான்னு பட்டணம்."

"அங்க இருந்தா ஒண்ணும் ஆகாதா?"

"வெளிச்சம் நம்ம தலைக்கு மேலேர்ந்து வந்தா அங்க ஒண்ணும் ஆகாது. ஆனா..."

அமைச்சர் செங்குட்டுவனைப் பார்த்தார். அதற்குள் அவன் குனிந்து காதோடு கூறிவிட்டான். கைகள் தலைக்குமேல் கூப்பப்பட்டன, நாற்காலிகள் கிறீச்சிட்டன. அஞ்சலை பதறிக் கதவைத் திறந்துவிட்டாள். "பெரியவங்க டீ குடிக்கலியே, வண்டியில கொண்டுபோய்க் குடும்மா" என்று இயக்குநர் விரட்டவே, அவளும் தட்டுடன் பின்னே ஓடினாள்.

அங்கயற்கண்ணியும் வாயில்வரை ஓடினார். "ஐயா, இன்னும் பாதி இருக்கு! மறுமுனை..."

"நோட்டு போட்டு அனுப்புங்கம்மா" என்று மகிழுந்தின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கண்ணாடி ஏறியது.

அவர் கூடத்திற்குத் திரும்பினார். எஞ்சியிருந்தவர் இயக்குநரும், கணிப்பொறிப் பிரிவின் பெனடிக்டும், பதின்மூன்று பொன்னாடைகளுமே.

"மிச்சத்தைச் சொல்லிடட்டுமா சார்?" என்று கேட்டார் அங்கயற்கண்ணி.

"யாருக்கு?" என்றார் இயக்குநர். "இதப் பாருங்க, வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. சனங்க பீதி அடைஞ்சிடுவாங்க. ஐயாவோட ஆர்டர்."

"ஐயா பீதி அடைஞ்சாச்சே சார், பார்த்தீங்கள்ல?" என்றான் பெனடிக்ட்.

*

கூறப்படாத பாதி இதுதான். ஈர்ப்பலைக்கு நிலவுலகம் ஒரு தடையன்று. கண்ணாடியினூடே செல்லும் ஒளிபோல அது பாறையினூடே செல்லும். ஆகையால், தலைக்குமேலிருந்து வந்த அலையும் காலுக்கடியிலிருந்து வந்த அலையும் ஒற்றைக் கருவியை ஒரேவிதமாகவே அசைக்கும். கோடு தெரியும், முனை தெரியாது. ஒளி பச்சைமலையின் உச்சியிலும் விழலாம். லிமாவின் உச்சியிலும் விழலாம். எது என்று அறிய இன்னும் சில நாள் செவிமடுக்க வேண்டும். பூமி சுழல்கையில் நாம் அவ்விண்மீன்களை நோக்கிச் செல்லும்பொழுது சுருதி சற்றே ஏறும், விலகும்பொழுது இறங்கும். எதிரே வரும் ஆம்புலன்ஸின் ஊளையைக் கேட்டு அது வருகிறதா போகிறதா என்று அறிவதில்லையா, அதுபோல.

அதனினும் இன்றியமையாத ஒரு செய்தி ஈற்றில் வைக்கப்பட்டிருந்தது. காற்றுமண்டலம் அவ்வொளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். திறந்த வெளியில் நிற்பவனுக்குக் கண்ணும் தோலும் போகும், மெய்தான். காங்கிரீட் தளத்தின்கீழே, சன்னலற்ற அறையில் பத்து நிமிடம் அமர்ந்திருப்பவனுக்கு ஒன்றும் நேராது. கடல் கடந்து ஓடவேண்டியதில்லை. மாடியிலிருந்து கீழிறங்கினாற் போதும்.

அறிவியலமைச்சர் என்ற பெயரைத் தாங்கியவர், இன்னும் நான்கு நிமிடம் இருக்கையில் இருந்திருந்தால் இதனைக் கேட்டிருப்பார். அந்நான்கு நிமிடமும் அவருக்கு இல்லை. அவருக்குத்தான் அடுத்த நிகழ்ச்சி இருந்ததே.

மறுநாள் காலை செங்குட்டுவன் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, லிமாவுக்குத் தனி விமானம். அங்க 'உலகத் தமிழர் வாழ்த்தரங்கம்'னு ஒரு பேரு போட்டாச்சு. உனக்கும் ஒரு சீட்டு பிடிச்சு வெச்சிருக்கேன். ஐயா கால்ல விழாத குறை."

"ஏன், விழுந்தே பழக்கமாச்சே உனக்கு. குட்டுவா, நான் சொல்றதை முழுசாக் கேளு. அந்தக் கோட்டுக்கு ரெண்டு முனை இருக்கு..."

"ஆரம்பிச்சிட்டியா? சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். மழை வருமா அக்கான்னு கேட்டா, மேகம் எப்படி உண்டாகுதுன்னு தொடங்குவ. நீ முடிக்கறதுக்குள்ள நனைஞ்சிருப்பேன்."

"நனைஞ்சதோட போச்சு. இப்ப தோல் உரிஞ்சிடும்டா."

"அதுக்குத்தான் போறோம். வர்றியா, இல்லையா?"

"நீ எங்கேயும் போக வேணாம். காரணத்தைக் கேட்டுட்டுப் போ."

"ஐயா கூப்பிடறாரு. வெச்சிடறேன்."

தொடர்பு அறுந்தது. அங்கயற்கண்ணி நெடுநேரம் கைபேசியைப் பார்த்தவாறிருந்தார். தம்பியைத் தாம் இகழ்ந்த அளவு வேறெவரையும் இகழ்ந்ததில்லை. எனினும் தாய் தந்தை போனபின் அவருக்கென்று இருந்தவன் அவன் ஒருவனே. முட்டாள்கள் நூறுபேர் முட்டாள்தனமாகச் சாவதைப் பொறுத்துக்கொள்ளும் உலகம், அவர்களுள் ஒருவன் தம்பியாக இருந்துவிட்டால் பொறுத்துக்கொள்ள விடுவதில்லை.

அன்றே அவர் இயக்குநரின் ஆணையை மீறினார். இரு முனைகளையும், செய்யத்தக்கதையும் தெளிவாக எழுதி உலகத்தின் எல்லா வானாய்வு நிலையங்களுக்கும் அனுப்பினார். உலகம் அதனைப் படித்தது. அவ்வந்நாட்டு அரசுகள், "செவ்வாயன்று அப்பத்து நிமிடம் வீட்டுக்குள் இருங்கள்" என்று அறிவித்தன. அது பயனுள்ள அறிவிப்பு. ஆனால் நம்மூரில் அதற்கு முன்பே வேறொன்று அறிவிக்கப்பட்டுவிட்டது. பெரியவர்கள் குடும்பத்தோடும் நகைப்பெட்டிகளோடும் வெட்டவெளிச்சமாக விமானமேறுவதை ஊரார் பார்த்துவிட்டனர். அறிக்கையை எவன் நம்புவான்? கண்ணால் கண்டதையன்றோ நம்புவான்! "உள்ளே இருந்தாப் போதும்னா அவனுங்க ஏன் ஓடறானுங்க?" என்று தேநீர்க் கடையில் ஒருவன் கேட்டான்.

சனிக்கிழமையன்று விமான நிலைய வாயிலில் பல்லாயிரவர் திரண்டனர். தடுப்பு சரிந்தது. அறுவர் மிதிபட்டு மாண்டனர். அவர்களுள் ஒருத்தி அஞ்சலை. கடவுச்சீட்டு என்றால் யாதென்றும் அறியாதவள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் போகும் ஊருக்குத் தானும் போய்விடலாம் என்று பேருந்தேறியிருக்கிறாள். பிள்ளை பிழைத்தது. யாரோ தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொணர்ந்தனராம்.

"அவங்க கூடத்துலேயே இருந்தாங்களே மேடம்" என்றான் பெனடிக்ட். "நீங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தானே இருந்தாங்க."

"பாதியைக் கேட்டா" என்றார் அங்கயற்கண்ணி. "மீதிப் பாதி நேரம் டீ கொண்டு ஓடினா."

மறுபாதியை அவளிடம் உணவகத்தில் என்றேனும் ஒரு வேளை, சோறு வாங்கும்பொழுது, தாமே கூறியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவேயில்லை. அமைச்சர் கேட்கவில்லையே என்று நான்கு நாள் கொதித்துக்கொண்டிருந்தவருக்கு, அஞ்சலையும் கேட்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் துடைத்தார்.

*

திங்கட்கிழமை மாலை, சுருதியின் ஏற்ற இறக்கம் ஐயத்திற்கு இடமின்றிப் பிரிந்து வந்தது. பெனடிக்ட் திரையைத் தட்டிக் காட்டினான்.

"மேடம், மறுமுனை. நம்ம காலுக்குக் கீழ. லிமாதான்." பிறகு அவனால் சிரிப்பை அடக்க இயலவில்லை. "நம்ம பெரிய மனுஷங்க விமானம் பிடிச்சுப் போய் நேரா அடுப்புல உட்கார்ந்திருக்காங்க."

"லிமாவுல ஒரு கோடிப் பேர் இருக்காங்க பெனடிக்ட். அவங்க யாரும் விமானம் பிடிச்சுப் போகலை" என்றார் அங்கயற்கண்ணி. "அறிக்கையை எடு. இந்தத் தடவை முதல் வரியிலேயே 'உள்ளே போங்கள்'னு இருக்கணும். கோடு, முனை, சுருதி எல்லாம் கடைசிப் பக்கம்."

அறிக்கை சென்றது. பெரு நாட்டினர் அதனை மதித்தனர். மலையோரச் சிற்றூர்களிலும் ஒலிபெருக்கி வைத்துக் கூவினர். ஆழ்கடலுக்குச் சென்ற படகுகளைத் திருப்பியழைத்தனர். ஆயினும் அவற்றுட் சிலவற்றுக்கு ஒருநாள் அவகாசம் போதவில்லை. அந்தமானில் அந்தக் கல்லுக்குப் பதிலாகக் கருவி நின்றிருந்தால் அவற்றுக்கு ஒரு வார அவகாசம் கிடைத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி. லிமாவில் காலை எட்டு. பலமுறை முயன்றபின் செங்குட்டுவன் எடுத்தான். பின்னணியில் நாதசுரம் ஒலித்தது. பதிவு செய்த நாதசுரம். நடுவே விக்கி விக்கி நின்றது.

"உள்ளே போ" என்றார் அங்கயற்கண்ணி. "காரணம் அப்புறம். நீ எங்க இருக்க?"

"ஓட்டல் மொட்டை மாடியில. வாழ்த்தரங்கம். ஐயாவுக்கு வெள்ளி வாள் குடுக்கறாங்க. என்னக்கா?"

"ஓட்டல்காரங்க எங்க?"

"அவனுங்க எல்லாம் நேத்தே கீழ்த்தளத்துக்குப் போயிட்டானுங்க. எங்களையும் கெஞ்சினானுங்க. ஐயா சிரிச்சிட்டாரு. 'அறிக்கையெல்லாம் பொதுசனத்துக்குய்யா, நமக்கு உள்தகவல் இருக்கு'ன்னாரு."

"அந்த உள்தகவல் நான்தாண்டா மடையா! அதுல பாதிதான் உங்களுக்கு வந்துது. வெளிச்சம் அங்க விழுது. உன் தலையில. இன்னும் அரைமணி நேரத்துல."

நாதசுரம் விக்கி நின்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது. இப்பிறவியில் முதன்முறையாகத் தம்பி தம் சொல்லை நம்புகிறான் என்பதை அங்கயற்கண்ணி அம்மூச்சிலிருந்தே அறிந்துகொண்டார்.

"நீ இறங்கிடு" என்றார்.

"இங்க நூத்திருபது பேர் இருக்காங்கக்கா. பொம்பளைங்க, குழந்தைங்க. ஐயா எழுந்திருக்காம ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டாங்க."

"அப்ப அவர்கிட்ட சொல்லு."

"என்னன்னு? தப்பான ஊருக்கு வந்துட்டீங்கன்னா? மேடையிலயா? அந்த வெள்ளி வாளாலயே என்னை வெட்டிடுவாரு. அப்படியே நம்பினாலும், நான் தப்புப் பண்ணலைன்னு காட்டறதுக்காகவே அங்கயே உட்கார்ந்திருப்பாரு. உனக்கு அவரைத் தெரியாது."

அங்கயற்கண்ணிக்கு அவரை நன்றாகவே தெரியும். உண்மையைக் கூறி அம்மனிதரை ஓரடி அசைக்க இயலாது. ஆனால் அவரை எந்த இருக்கையிலிருந்தும் எந்நேரமும் எழுப்பிவிடத்தக்க சொல் ஒன்று உலகத்தில் இருந்தது. நாற்பதாண்டுகளாக ஒருமுறையும் அது தவறியதில்லை.

"குட்டுவா, ஆபத்துங்கற பேச்சே எடுக்காத. நீ தினம் பார்க்கற உத்தியோகத்தையே பாரு. காதுல போய்ச் சொல்லு, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாச்சுன்னு."

"இங்க ஏதுக்கா அடுத்த நிகழ்ச்சி? எங்கடான்னு கேட்டா?"

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்காரா?"

"இல்லை" என்றான் செங்குட்டுவன்.

"கீழ்த்தளத்துல கார் நிறுத்தற இடம் இருக்கும். நேரா அங்க கூட்டிட்டுப் போ. மத்தவங்க தானா வருவாங்க. உங்க கூட்டத்துக்கு அதுதானே தெரியும்!"

*

ஏழு மணிக்கு அங்கயற்கண்ணி மலையடிச் சுரங்கத்தில் நின்றார். ஊரார் பலர் அங்கே அமர்ந்திருந்தனர். முனை தெரியுமுன்னரே அவர் வரச்சொல்லியிருந்தவர்கள். ஒளி இங்கே விழாது என்று கூறியும், அஞ்சலையின் நினைவினாலோ என்னவோ, அவர்கள் கேட்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. அஞ்சலையின் பேரன் பெனடிக்டின் மடியில் உறங்கினான். ஒலிபெருக்கியில் அம்முனகல் விசும்பலாயிற்று, விசும்பல் கீச்சொலியாயிற்று, கீச்சொலி விரைந்து மேலேறி, ஒரு நூல் அறுவதுபோல் அறுந்தது. அவ்வளவே. வெளியே பச்சைமலைமீது முதல் விண்மீன்கள் வழக்கம்போல் தோன்றியிருந்தன.

பூமியின் மறுபக்கத்தில் வானம் மூன்று வினாடி வெண்மையாயிற்று. திரும்பிவராத படகுகளில் இருந்தோர் பார்வையிழந்தனர். சிலர் கரையேறவேயில்லை. பெருநகரம் பிழைத்தது.

கைபேசி ஒலிக்க வெகுநேரமாயிற்று.

"அக்கா" என்றான் செங்குட்டுவன். அழுதானா சிரித்தானா தெரியவில்லை. "காதுல சொன்னேன். சொல்லி முடிக்கலை, கையைக் கூப்பினாரு. அப்படியே லிப்ட்ல ஏறிட்டாரு. கூட்டம் மொத்தமும் மாடிப்படியில உருண்டு ஓடி வந்துது. கார் பார்க்கிங்ல நின்னுக்கிட்டு, 'மேடை எங்கடா, மைக் எங்கடா'ன்னாரு. அதுக்குள்ள மேல..." அவன் நிறுத்தினான். "மாடியில போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் உருகி ஒட்டிக்கிட்டிருக்குக்கா. அவருக்குப் போட்டிருந்த சோபா பொசுங்கிப் போச்சு."

"நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"அது போதும். மத்தவனுங்களைப் பத்தி எனக்குச் சொல்லாத."

*

மறுமாதம் பாராட்டு விழா. நகரமெங்கும் பதாகைகள். அங்கயற்கண்ணியின் படம் ஓர் ஓரத்தில் அஞ்சல்தலை அளவில் இருந்தது. நடுவே வெள்ளி வாளேந்தி நின்றார் வீரபெருமாள்.

அவர் எழுந்து ஒலிவாங்கியைப் பற்றினார். "எனது அருமைப் பெரியோர்களே, தாய்மார்களே! என்னைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், 'ஆபத்து வந்தபோது நீ எங்கே போனாய்?' என்று. நான் சொல்கிறேன். எங்கே ஆபத்து விழும் என்று விஞ்ஞானம் சொன்னதோ, அதே லிமா நகரத்தில், அதே நாளில், அதே நேரத்தில் போய் நின்றவன் இந்த வீரபெருமாள்! உங்கள் தலையில் விழாத அது, என் தலைக்கு மேலேதான் விழுந்தது! உருகிய நாற்காலியைக் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்!"

உருகிய நாற்காலி மேடைக்குக் கொணரப்பட்டது. கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணீரைத் துடைத்தார். அமைச்சர் கூறியதில் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. அதுவே அங்கயற்கண்ணியை உறுத்தியது. அரைப்பொய் கூறுவோர் பலரை அவர் கண்டிருக்கிறார். முழு உண்மைகளை மட்டுமே அடுக்கி இவ்வளவு பெரிய பொய்யைக் கட்டியெழுப்பியவரை இப்பொழுதுதான் கண்டார்.

"டாக்டரம்மாவே இருக்காங்க" என்று திரும்பினார் அமைச்சர். "நீங்களே சொல்லுங்கம்மா. அன்னிக்கு நான் அங்க இருந்தேனா, இல்லையா?"

"இருந்தீர்கள்" என்றார் அங்கயற்கண்ணி. "ஆனால்..."

அரங்கு ஆர்ப்பரித்தது. செங்குட்டுவன் குனிந்து காதோடு கூறினான். கைகள் தலைக்குமேல் கூப்பப்பட்டன. ஐயா அவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. அதிகாரிகள் எழுந்தனர், ஒப்பந்தக்காரர்கள் எழுந்தனர், இயக்குநர் சக்கரபாணி பொன்னாடைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னே விரைந்தார். அரங்கு வெறிச்சோடியது. ஒலிபெருக்கிக்காரன் கம்பிகளைச் சுற்றத் தொடங்கினான். வெளியே மகிழுந்துகளின் கதவுகள் வரிசையாகச் சாத்தப்படும் ஓசை கேட்டது. பின்னர் அவை புறப்பட்டுச் சென்ற ஓசை.

அங்கயற்கண்ணி தம் தாள்களை மடித்து எழுந்தபொழுது, வாயிற்புறமிருந்து ஒருவன் உள்ளே வந்தான். மெல்ல நடந்து வந்து, அமைச்சருக்கெனப் போட்டிருந்த சோபாவைத் தாண்டி, அதன் பின்னேயிருந்த நாற்காலியில் அமர்ந்தான்.

"வண்டி போயிடுச்சேடா" என்றார் அவர்.

"போகட்டும்" என்றான் செங்குட்டுவன். "ஆனால்னு நிறுத்தின இல்ல. சொல்லு. முழுசும் கேட்டுட்டுத்தான் போவேன்."

ஒலிவாங்கி அணைந்திருந்தது. ஒருவனுக்குக் கூற அது வேண்டியதுமில்லை. நிகழ்ந்தது, அறிந்தது, அறியாதது என்று தம் தாளில் வழக்கமான வரிசையில் எழுதி வைத்திருந்ததை அங்கயற்கண்ணி ஒருமுறை பார்த்தார். பிறகு அத்தாளைக் கவிழ்த்துவிட்டு, முதற்கண் அஞ்சலையின் பெயரைக் கூறினார்.